மூன்றே வினாடியில் பச்சை

ஜூன் 2, திங்கள்

பதினான்கு வருடம் எழுதியதற்கு இன்று எனக்கு ஒரு வாசகரை நியமித்திருக்கிறார்கள். அது ஆள் இல்லை.

எங்கள் நிறுவனம் லிஃப்டுகளைக் கண்காணிக்கிறது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரத்து நூற்று நாற்பது கட்டடங்களில் லிஃப்டுக்குப் பக்கத்தில் எங்கள் சின்னப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. லிஃப்டில் ஏதாவது சிக்கல் என்று புகார் வந்தால், பெருங்குடி அலுவலகத்தில் இருக்கும் ஆறு பேர் கொண்ட உதவிப் பிரிவு, கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளை ஓட்டிப் பார்த்து மெக்கானிக்கை அனுப்பும். கருவி என்றால் கணினிக்குள் ஓடும் சிறு நிரல்கள்தான். அவற்றுக்குக் கையேடு எழுதுகிறவன் நான். இதுவரை பதினேழு கையேடுகள். அவற்றை முழுக்கப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மெய்ப்புப் பார்த்தவர், இன்னொருவர் நான்.

துணைத் தலைவர் திவாகர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். இனிமேல் கருவிகளை ஓட்டப் போவது ஒரு ஏஐ ஏஜெண்ட். அதற்குப் பெயர் வைக்க அலுவலகத்தில் போட்டி நடந்து, 'சகாயன்' என்ற பெயர் வென்றிருக்கிறது. பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். சகாயனுக்குப் புரியும்படி எல்லாக் கையேடுகளையும் இரண்டு வாரத்தில் நான் திருத்தி எழுத வேண்டும்.

"குலசேகர், இனிமே உங்க டாக்குமெண்டை நம்பித்தான் கம்பெனியே ஓடப் போகுது" என்றார் திவாகர். எல்லோரும் கைதட்டினார்கள். உதவிப் பிரிவு ஆறு பேரும் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் 4, புதன்

சகாயனை விற்றவர்களிடமிருந்து இரண்டு பக்க வழிகாட்டி வந்தது. கருவி என்ன செய்யும், எப்போது ஓட்ட வேண்டும், எப்போது ஓட்டக் கூடாது, என்னென்ன விடை வரலாம், ஒவ்வொரு விடைக்கும் என்ன பொருள், கருவியே தவறினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது. இவ்வளவுதான் எழுத வேண்டுமாம். கடைசி வரி இப்படி இருந்தது: 'படிப்பவருக்கு எதுவும் முன்பே தெரியும் என்று நினைக்காதீர்கள். சந்தேகம் கேட்க அதற்குப் பக்கத்து நாற்காலியில் ஆள் கிடையாது.'

எனக்கே பாடம் எடுக்கிறார்கள். 'நாடி' என்ற கருவிக்கு நான் எழுதிய கையேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மனித குலமும் மேல்நோக்கிய பயணமும். இரண்டாம் பக்கத்தில் திவாகரின் வாழ்த்துரை. மூன்றில் அவர் படம். கருவியை எப்படி ஓட்டுவது என்பது பதினோராம் பக்கத்தில் வந்தது. நல்ல நடைதான், இப்போது படித்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. படத்தை மட்டும் கொஞ்சம் சிறிதாக்கினேன்.

ஜூன் 5, வியாழன்

வழிகாட்டி சொல்லிவிட்டதே என்று, கருவியை ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. இதை வெளியே சொல்லக் கூடாது.

மரிய புஷ்பத்துக்குத் தூத்துக்குடி. உதவிப் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறாள். நாடியில் கட்டட எண்ணைத் தட்டினால், அது அந்தக் கட்டடத்துப் பெட்டியிடம் நலமா என்று கேட்கும். நலம் என்றால் திரையில் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. புஷ்பம் எண்ணைத் தட்டிவிட்டு விரலால் மேசையில் தாளம் போட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." பச்சை வந்தது. "போச்சு, செத்துருச்சு" என்று சொல்லிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"பச்சைதானே வந்தது?" என்றேன்.

"மூணுல வந்தா அது பொய்ப் பச்ச சார். பெட்டி பதிலே சொல்லலைன்னா, நாடி தானா ஒரு பச்சயப் போட்டுரும். நெசப் பச்ச வர எப்படியும் ஏழெட்டு செகண்ட் ஆவும். அதான் எண்ணுதோம்."

சுற்றிப் பார்த்தேன். ஆறு பேரும் மேசையைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடமும் அந்த மூலையிலிருந்து வரும் தாளச் சத்தத்தை வேலையில்லாதவர்களின் பழக்கம் என்று நினைத்து முகம் சுளித்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் காப்பி மெஷினைக் காட்டுவார்களாம், அடுத்து எண்ணச் சொல்லித் தருவார்களாம்.

"இது எங்கேயும் எழுதவில்லையே?"

"நாடிய எழுதுனது யாருன்னு தெரியும்லா சார்?" என்று சிரித்தாள்.

தெரியும். பத்து வருடத்துக்கு முன் திவாகர் எழுதியது. முதல் வாடிக்கையாளருக்குக் காட்டப் போன அன்று நெட்வொர்க் படுத்துவிட்டது. மூன்று வினாடிக்குள் பதில் வராவிட்டால் பச்சையைக் காட்டு என்று அவசரமாக உள்ளே ஒரு வரியைச் சொருகினார். வாடிக்கையாளர் அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். அந்த வரி அங்கேயே தங்கிவிட்டது. திவாகர் மட்டும் மேலே போய்விட்டார்.

"இத நீங்க எழுதிருங்க சார். நாங்க எண்ணிருவோம். அந்த சகாயனுக்கு யாரு சொல்லுவா?" என்றாள். அதோடு விடாமல் மெயிலாகவும் அனுப்பினாள்.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? ஒரு வாசகர் என்னிடம் கேள்வி கேட்டார்!

நாடி கையேட்டின் புதிய வரைவைச் சகாயனுக்குப் படிக்கக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் படித்துவிட்டு எழுதியது: 'பச்சைக்கும் சிவப்புக்கும் விளக்கம் தெளிவாக இருக்கிறது. பெட்டி பதிலே தராவிட்டால் என்ன விடை வரும்? அது கையேட்டில் இல்லை.'

வாழ்த்துரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, போகட்டும். பதினான்கு வருடத்தில் ஒரு மனிதன்கூடக் கேட்காத கேள்வி இது. காப்பி குடித்துவிட்டு வந்து, கையேட்டில் சேர்த்தேன்: 'பச்சை மூன்றாவது வினாடியில் வந்தால் பெட்டி பதில் தரவில்லை என்று பொருள். லிஃப்டின் நிலை தெரியாது. உடனே கட்டடச் செயலாளருக்குத் தெரிவித்து, மெக்கானிக்கை அனுப்பவும்.' நான் எழுதியதிலேயே மிகவும் சப்பென்ற வாக்கியங்கள் இவைதான். சகாயன் நன்றி சொன்னது.

ஜூன் 11, புதன்

திவாகர் வரைவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அறைக்குள் ஏசி அதிகம்.

"எல்லாம் சூப்பர் குலசேகர். இந்த மூணு செகண்ட் விஷயம் மட்டும்... டோன் கொஞ்சம் நெகட்டிவா இல்ல? படிக்கிறவன் டூல் பொய் சொல்லுதுன்னு நெனச்சிடப் போறான்."

"படிக்கப் போவது சகாயன் மட்டும்தானே" என்றேன்.

"இன்வெஸ்டர்களும் பார்ப்பாங்க. அப்புறம் ஒண்ணு, உங்க டெசிக்னேஷன் பத்தி ஹெச்ஆர்ல பேசிட்டேன். தலைமை ஆவணப் படைப்பாளர். எப்படி இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. யோசித்துப் பார்த்ததில் அந்த வரிகள் கையேட்டின் மற்றப் பகுதிகளோடு ஒட்டவில்லை என்று எனக்கே பட்டது. நீக்கிவிட்டேன். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் 'நடைத் திருத்தம்' என்று போட்டேன்.

சகாயன் விடவில்லை. 'பதில் வராத நிலைக்கான விளக்கம் நீக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டது. 'அந்த நிலை ஏற்படுவதில்லை' என்று பதில் எழுதினேன். ஒருவகையில் உண்மைதானே? எப்படியும் பச்சை வந்துவிடுகிறதே.

ஜூன் 12, வியாழன்

கேண்டீன் பொங்கல் குழைந்துவிட்டது. புஷ்பம் வந்து, "சார், அந்த வரியக் காங்கலியே?" என்றாள். அடுத்த பதிப்பில் சேர்ப்போம் என்றேன். என் கதவில் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஒரு திருகு ஆடுகிறது.

ஜூன் 16, திங்கள்

சகாயன் வேலைக்குச் சேர்ந்தது. உதவிப் பிரிவில் ஐந்து பேரை அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு கேக் வெட்டினார்கள். போகிறவர்களைக் கொண்டே வெட்டச் சொன்னார்கள்.

புஷ்பத்தை மட்டும் 'மேற்பார்வையாளர்' என்று வைத்துக்கொண்டார்கள். சகாயன் சிவப்பு என்று சொல்லும் லிஃப்டுகளை மட்டும் அவள் பார்த்தால் போதும். பச்சைப் பக்கமே போகக் கூடாது, திரையில் அதைப் பூட்டிவிட்டார்கள். மூலையில் தாளச் சத்தம் இல்லை. நிம்மதியாக எழுத முடிகிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் புகார்கள் நான்கு நிமிடத்துக்குள் முடிக்கப்படுகின்றன. வரவேற்பறையில் பெரிய திரை வைத்து ஆயிரத்து நூற்று நாற்பது பச்சைப் புள்ளிகளை ஓடவிட்டிருக்கிறார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அலுவலகத்தில் யாருக்கும் போர்த்தத் தெரியாததால் சட்டைப் பையில் இருந்த பேனா அதில் மாட்டிக்கொண்டது.

போர்த்தும்போது புஷ்பம் கைதட்டவில்லை. பொறாமையாக இருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

கொளத்தூரில் ஒரு அடுக்குமாடியில் ஹமீதா பானு என்ற கணக்கு டீச்சர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். வயது ஐம்பத்தாறு, சர்க்கரை நோயாளி. காலை பதினொன்றுக்கு மாட்டியவரை ஒன்று நாற்பதுக்கு வெளியே எடுத்தார்கள். மின்சாரம் ஏறி இறங்கியதில் எங்கள் பெட்டி எரிந்துபோயிருந்தது.

கட்டடச் செயலாளர் புகார் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சகாயன் பதினொரு தடவை நாடியை ஓட்டியிருக்கிறது. பதினொரு தடவையும் மூன்றே வினாடியில் பச்சை. பதினொரு தடவையும் பதில் போயிருக்கிறது: 'வணக்கம். தங்கள் லிஃப்ட் நலமாக இயங்குகிறது. தங்கள் பயணம் உயர்க!' அந்த வாசகம் நான் எழுதியது. பயணம் உயர்க என்பதற்கு மூன்று நாள் யோசித்தேன்.

கடைசியில் செயலாளர் பழைய பழக்கத்தில் புஷ்பத்தின் சொந்த நம்பருக்கே கூப்பிட்டிருக்கிறார். அவள் பூட்டை மீறி நாடியை ஓட்டி, எண்ணி, மெக்கானிக்கை உடனே அங்கே போகச் சொல்லி விரட்டினாள். டீச்சர் வெளியே வந்ததும் மயங்கி விழுந்து, இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆபத்து இல்லையாம். இதை மூன்று பேரிடம் விசாரித்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

விசாரணை. நீள மேசையில் திவாகர், ஹெச்ஆரிலிருந்து ஒருவர், புஷ்பம், நான். பிஸ்கட் வைத்திருந்தார்கள்.

"மூணு செகண்ட்ல பச்சை வந்தா நோ ரெஸ்பான்ஸ்னு சப்போர்ட்ல எல்லாருக்கும் தெரியும். ரொம்ப பேசிக் விஷயம். மேற்பார்வையாளர் இதை ஏஜெண்டுக்கு ஏன் சொல்லலை?" என்றார் திவாகர். சொன்னவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த மனிதருக்குத்தான் நான் பக்கம் பக்கமாக வாழ்த்துரை எழுதிக் கொடுத்தேன்.

"கையேட்டுல போடச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தேன் சார். குலசேகர் சாருக்குத் தெரியும்" என்றாள் புஷ்பம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் எடுத்துக் குடித்தேன். "தேடிப் பார்க்க வேண்டும்" என்றேன். நாளைக்கு நூறு மெயில் வருகிறது, எல்லாவற்றையும் ஒருவன் நினைவில் வைத்திருக்க முடியுமா?

புஷ்பம் திங்கட்கிழமைக்குள் தானாகவே ராஜினாமா கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நீக்கம் என்று முடிவாயிற்று. பூட்டை மீறியது தனிக் குற்றம் என்று குறிப்பில் சேர்த்தார்கள்.

ஜூன் 27, வெள்ளி

புஷ்பம் என் மேசைக்கு வந்தாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை.

"சார், மெயில் கெடச்சுதா?"

"தேடிக்கொண்டிருக்கிறேன்."

"ஜூன் அஞ்சாந் தேதி, சாய்ந்தரம் நாலு மணி. எங்க வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான் சார்னு சொல்லி உங்ககிட்ட நிக்க மாட்டேன். அது என் பாடு. நீங்க கண்டுபிடிக்கலைன்னா பரவால்ல, ஆனா தேடுதேன்னு சொல்லாதீங்க."

போய்விட்டாள். மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 28, சனி

வீட்டில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மதியம் மறுபடியும் கழுவினேன்.

ஜூன் 30, திங்கள்

திவாகர் அறைக்குப் போனேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதில் நடை, தொனி, ஒத்திசைவு என்றெல்லாம் இருந்தது. இரண்டு வரி படிப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"குலசேகர், கையேட்டோட எடிட் ஹிஸ்டரிய அன்னைக்கே பார்த்துட்டேன். வரியைப் போட்டதும் நீங்க, தூக்கினதும் நீங்க. ஏஜெண்ட் கேட்டதுக்கு நீங்க சொன்ன பதிலும் இருக்கு. உங்களைக் காப்பாத்தத்தானே நான் பேசாம இருக்கேன்?"

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆமாம், நன்றி என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. வெளியே புஷ்பம் அட்டைப் பெட்டியில் அவளுடைய டிபன் பாக்ஸையும் ஒரு மணி பிளான்டையும் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் கேக் வாங்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை பத்து மணிக்கு நாடி கையேட்டைத் திறந்தேன். ஜூன் 9 அன்று எழுதிய வரிகளை அப்படியே திரும்பப் போட்டேன். 'அந்த நிலை ஏற்படுவதில்லை என்று முன்பு சொன்னது தவறு' என்றும் சேர்த்தேன். மாற்றத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், 'இது எனக்கு ஜூன் 5 முதல் தெரியும். சொன்னவர் மரிய புஷ்பம்' என்று எழுதினேன். வாழ்த்துரையையும் எடுத்துவிட்டேன். கையேடு ஒன்றரைப் பக்கத்துக்கு இறங்கிவிட்டது.

சகாயன் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் கையேட்டைப் படிக்கும். படித்தது. முன்பு சொன்னது தவறு என்று கண்டதும், ஆயிரத்து நூற்று நாற்பது கட்டடத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்து, வினாடிகளை எண்ணியது. பத்து நாற்பதுக்கு வரவேற்பறைத் திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் சாம்பல் நிறமாகி, 'நிலை தெரியாது' என்று மாறின. அந்த நேரம் பார்த்து திவாகர் இரண்டு இன்வெஸ்டர்களுக்கு அந்தத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஓடி வந்தார். "குலசேகர், என்ன பண்ணித் தொலைச்சீங்க? ஒடனே தூக்குங்க அதை!"

"தூக்கலாம். ஆனால் சகாயன் இருநூற்றுப் பன்னிரண்டு செயலாளர்களுக்கும் எழுதிவிட்டது. கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

போன்கள் அடிக்க ஆரம்பித்தன. எடுக்க ஆள் இல்லை. எனக்கு நன்றாகப் பசித்தது.

ஜூலை 2, புதன்

திவாகரை 'சிறப்புத் திட்டங்களின் தலைவர்' ஆக்கிவிட்டார்கள். பழைய அறையைவிடப் பெரிய அறை. இங்கே தவறு செய்கிறவர்களைத் தண்டிக்க வேறு முறை தெரியாது.

இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடத்துக்கும் போன் செய்து, ஆள் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். முன்பு போன ஐவரில் மூவர் திரும்ப வரச் சம்மதித்தார்கள். புஷ்பத்தைக் கூப்பிடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

"வாரேன் சார்" என்றாள். "ரெண்டு கண்டிஷன். அந்த விசாரணைக் குறிப்பக் கிழிச்சு, எழுத்துல மன்னிப்புக் கேக்கணும். இன்னொண்ணு, இனிமே கையேட்ட நான் எழுதுதேன். நீங்க போன எடுங்க."

முதலில் கோபம்தான் வந்தது. பதினான்கு வருடம், பதினேழு கையேடுகள். பிறகு சரி என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

தலையில் ஹெட்செட். இன்று முப்பத்தெட்டுக் கட்டடங்களுக்குப் பேசி முடித்தேன். பட்டியலில் முப்பத்தொன்பதாவது கொளத்தூர். செயலாளருக்குப் போட்டால் போதும் என்று விதி. நான் டீச்சர் வீட்டு நம்பரை வாங்கி அவருக்கே போட்டேன்.

"வணக்கம், லிஃப்ட் கம்பெனியிலிருந்து பேசுகிறேன்" என்றேன்.

"பேசுறது மிஷினா, ஆளா?"

"ஆள்தாம்மா."

"அன்னைக்கு உள்ள இருந்துக்கிட்டு, செயலாளர் எங்க அப்பார்ட்மெண்ட் குரூப்புல போட்டத செல்லுல பார்த்துக்கிட்டே இருந்தேன். லிஃப்ட் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு பதினோரு மெசேஜ். எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். அந்த மிஷினுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

பச்சை பொய்யாக வரும் என்று எனக்குத் தெரியும், எழுதியிருந்தேன், மேலதிகாரிக்குப் பயந்தும் ஒரு பெயர்ப்பலகைக்கு ஆசைப்பட்டும் நான்தான் நீக்கினேன் என்று சொன்னேன். இந்த நோட்டில்கூட அதை இப்படி எழுதியதில்லை. அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"சரி" என்றார் கடைசியில். "நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாலாவது மாடி. லிஃப்ட் இப்போ ஓடுதா?"

திரையில் அவர் கட்டடம் பச்சையாகத்தான் இருந்தது. புதிய பெட்டி, எட்டாவது வினாடியில் வந்த பச்சை. ஆனால் பெட்டியை மாற்றிய பிறகு மெக்கானிக் இன்னும் போய் லிஃப்டைப் பார்க்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "காலையில ஆள் வந்து பார்த்துட்டு உங்க கதவைத் தட்டுவார். அதுவரைக்கும் ஏறாதீங்க."